வேலை அனுமதி (பாஸ்) வருமுன் ராஜினாமா கேட்காதீர்கள்

சிங்கப்பூர் வேலைகளுக்குப் பெங்களூருவில் ஆள் எடுக்கும் மனிதவளத் துறையினருக்கு,

வணக்கம். நான் அல்சூர்க்காரன். உங்கள் தொழிலில் பல வருடம் இருந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

என் அக்கா மகன் ஓர் ஆஃபர் லெட்டரை நம்பி இங்கே ராஜினாமா கொடுத்தான். 90 நாள் நோட்டீஸ். வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லி, பிள்ளைக்குப் பள்ளியில் டிசியும் வாங்கியாயிற்று. எட்டாவது வாரம் மின்னஞ்சல் வந்தது: புள்ளி போதவில்லை, பாஸ் இல்லை. “என்கிட்ட என்ன மாமா குறை?” என்று கேட்டான். அவனிடம் ஒரு குறையும் இல்லை.

2023 செப்டம்பரிலிருந்து, சிங்கப்பூரின் வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு காம்பஸ் என்ற புள்ளி முறை இருப்பது உங்களுக்குத் தெரியும். தேவை 40. சம்பளத்துக்கும் படிப்புக்கும் ஆளைப் பார்த்துப் புள்ளி. இன்னும் இரண்டு அம்சங்களுக்கு, நிறுவனத்தைப் பார்த்து. ஒவ்வொன்றுக்கும் 20, 10 அல்லது பூஜ்யம். அந்த நிறுவனத்தில் மேலாளர், பொறியாளர் நிலையில் இருப்பவர்களில் கால் பங்கு இந்தியர்கள் என்றால், அடுத்து வரும் இந்தியருக்குப் பூஜ்யம். அதே துறையின் மற்ற நிறுவனங்களைவிட உள்ளூர்க்காரர்கள் மிகக் குறைவு என்றால் அங்கேயும் பூஜ்யம். எங்கள் பையனுக்குச் சம்பளத்தில் 10, படிப்பில் 10, அவ்வளவுதான். மேலாளர், பொறியாளர் நிலையில் 25 பேர்கூட இல்லாத சிறு நிறுவனம் என்றால் நிறுவனத்தைப் பார்க்கும் அந்த இரண்டிலும் தலா 10 தானாகக் கிடைக்கும். இதே சம்பளத்தில் போயிருப்பான்.

சிங்கப்பூர் தன் மக்களின் வேலையைக் காக்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. நிறுவனத்தின் சிரமமும் புரிகிறது. ப்ராஜெக்ட் காத்திருக்கும், ஒரே மாதத்தில் உள்ளூர் ஆட்களைச் சேர்த்து விகிதத்தை மாற்றவும் முடியாது. ஆனால் தங்கள் பக்கத்துப் புள்ளியை மனிதவள அமைச்சின் தளத்தில் முன்கூட்டியே பார்க்க நிறுவனத்தால் முடியும். வேலைக்கு வருபவனால் முடியாது. ஆஃபர் கொடுக்கும் முன் அதைக் கேட்டு வாங்கி அவனிடம் காட்டுங்கள்.

அப்புறம், விண்ணப்பம் தேறினால் அமைச்சு தரும் முன் ஒப்புதல் கடிதம் ஆறு மாதம் செல்லும். நம் ஊர் நோட்டீஸ் மூன்று மாதம். விண்ணப்பித்து, கடிதம் வந்த பிறகு ராஜினாமா கொடுத்தாலே நேரம் இருக்கிறதே! “உடனே பேப்பர் போடு, சீட் போய்விடும்” என்று ஏன் அவசரப்படுத்துகிறோம்? நானும் அப்படிச் சொல்லி ஆள் சேர்த்தவன்தான். இன்று அது தப்பு என்று தெரிகிறது.

முன்கூட்டியே ராஜினாமா செய்யச் சொல்லியே ஆக வேண்டுமா? சரி, பாஸ் வராவிட்டால் மூன்று மாதச் சம்பளம் தருவோம் என்று ஆஃபர் லெட்டரிலேயே எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவனாக இருந்தவன்
அல்சூர், பெங்களூரு