அபர்வத்துக்குப் போகிற சேகருக்கு

ஆர்.கே. புரம், டெல்லி

அன்புள்ள சேகர்,

பெங்களூரிலிருந்து நாலு பேராகக் கிளம்பி, காஷ்மீரில் குல்மார்க் போய்க் கோண்டோலா என்கிற கேபிள் கார் ஏறி, அபர்வத் மலைமேல் ஸ்கீ எல்லை வேலியைத் தாண்டி ஸ்கீ விடப்போவதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் "வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்துப் போவோம்" என்றாயே, அங்கேதான் உதைக்கிறது.

நேற்று ராத்திரி இங்கே மழை. ஜனவரியில் டெல்லி நனைந்தால் பெரும்பாலும் மேற்கத்திய இடையூறுதான், அதாவது மேற்கிலிருந்து வரும் குளிர்கால மழைக்காற்றுதான் காரணம். காஷ்மீரில் அது பனியாகக் கொட்டும். கொட்டி ஓய்ந்து பளிச்சென்று விடிகிற முதல் நாள்தான் பனிச்சரிவுக்கு மோசமான நாள். புதுப்பனி கீழே ஒட்டிக்கொள்ள ஒன்றிரண்டு நாளாவது ஆகும். அடியில் சர்க்கரைப் பனி இருந்தாலோ வாரக்கணக்கிலும் ஒட்டாது.

சர்க்கரைப் பனி உருவாவது டிசம்பரில். பனி முழங்காலளவுகூட இருக்காது. தரையை ஒட்டி 0 டிகிரி, மேலே மைனஸ் 10, 15. 10 செ.மீ.க்கு 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தாலே ஆவி மேலேறி, துகள்கள் பிடிப்பு விட்டுப்போகும். அள்ளிப் பிசைந்து பார், உருண்டை பிடிக்காது. ரவை மாதிரி விரலிடுக்கில் ஒழுகும். அதன்மேல் ஜனவரிப் பனி கெட்டித் தகடாக உட்காரும். ஒரு ஆள் எடை பட்டால் தகடு மொத்தமாக நழுவும்.

மலையின் சாய்வு 30 முதல் 45 டிகிரி என்றால் ஜாக்கிரதை, போனிலேயே அளக்கலாம். தகடு நழுவுமா என்று சோதிக்க, 30 செ.மீ. சதுரத் தூணாகப் பனியை வெட்டி, மேலே மண்வாரியை வைத்து மணிக்கட்டால் 10 தட்டு, முழங்கையால் 10, தோளால் 10. முதல் பத்துக்குள் மேசை டிராயர் மாதிரி சடக்கென்று நழுவினால் திரும்பிவிடு. நழுவாவிட்டால் பத்திரம் என்று எண்ணாதே, பத்தடி தள்ளி வேறு கதையாக இருக்கும்.

சண்டிகரில் டி.ஜி.ஆர்.இ. என்கிற பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி நிலையம் வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையையும் பார். அபாய அளவு ஐந்துக்கு 3 என்றால் "பாதிதானே" என்று படித்துவிடாதே, அது ஆளைக் கொல்லும்.

புதைந்தவனை ரேடியோ சிக்னலால் கண்டுபிடிக்கும் 457 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்சீவர், பனிக்குள் குத்திப் பார்க்க 240 செ.மீ. துழாவுகம்பி, அலுமினிய மண்வாரி, மூன்றும் ஆளுக்கொன்று. தேடும்போது டிரான்ஸ்சீவரிலிருந்து போன் அரை மீட்டர் தள்ளி இருக்கட்டும். புதைந்தவனுக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம்தான். கம்பி தட்டுப்பட்டதும் நேர் மேலே நின்று தோண்டாமல், சரிவின் கீழ்ப்பக்கம் போய் உள்நோக்கித் தோண்டுங்கள்.

டிரான்ஸ்சீவரை வாடகைக்கு எடுத்தால் பழைய பேட்டரியை நம்பாதே, புது அல்கலைன் போடு. கம்பி என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது. தேதி முடிவானதும் சொல், அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
ரகு