கல் வந்த ஊரையும் கூப்பிடுங்கள்

கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர் அவர்களுக்கும், தருமபுரி அகழ்வைப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் தொல்லியல் துறை அலுவலர்களுக்கும், இந்த இரண்டு மாவட்டங்களிலும் கண்காட்சி, விழா என்று ஓடியாடி வேலை செய்யும் எல்லோருக்கும் வணக்கம்.

நான் பர்கூர் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர். போன கார்த்திகை மாதம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 32 பேரை டவுன் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்துக்கு வந்திருந்தேன். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பிள்ளைகள் வாசலுக்கு ஓடுகிற நேரம். ஒரு மாணவி மட்டும் ஒரு நடுகல்லுக்கு முன்னால் நின்றுவிட்டாள். கிட்டப் போய்ப் பார்த்தேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சார், இது எங்க வேடியப்பன் சார். இங்க எப்படி வந்துச்சு?" என்றாள்.

அது அவள் ஊர்க் கல் இல்லை. ஆனாலும் அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. நம் பக்கத்தில் எத்தனையோ நடுகற்கள் இன்றைக்கும் வேடியப்பனாகத்தான் பூசை வாங்கிக்கொண்டிருக்கின்றன. அவள் வீட்டில் மாட்டுப் பொங்கலன்று ஏரிக்கரைப் புளியமரத்தடியில் உள்ள கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, புதுப்பானையில் பொங்கலிட்டுக் கோழி அறுப்பார்களாம். "அவரு மாட்டை மீட்கப் போயி செத்துட்டாராம் சார், பாட்டி சொல்லும்" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் இந்த வட்டாரத்து நடுகற்களில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் திரும்பத் திரும்ப வெட்டியிருப்பது அதே சேதிதான். கோவிசைய என்று தொடங்கி, அரசன் பெயரையும் அவன் ஆட்சியாண்டையும் சொல்லி, இன்னார் தொறு மீட்டுப் பட்டான் கல் என்று முடியும். தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் உயிரை விட்டான். அப்படிப்பட்ட கல்லில் ஆயிரத்து நானூறு வருடங்களாக உட்கார்ந்திருக்கும் ஒரு வாக்கியத்தை, வட்டெழுத்தில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாத ஒரு பாட்டி பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உங்களிடம் எழுத்தைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஊரில் கதை இருக்கிறது. நீங்கள் நடத்தும் நிகழ்ச்சிகளில் இந்த இரண்டும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நம் மாவட்டங்களில் அருங்காட்சியக விழா என்றாலே ஓவியப் போட்டி, கட்டுரைப் போட்டி, சிறப்பு விருந்தினர், சான்றிதழ் என்று ஒரு வழக்கம் வந்துவிட்டது. போட்டிகள் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். என் மாணவர்கள் வாங்கிய சான்றிதழ் அவர்கள் வீட்டுச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் வீட்டில் வரைந்து பழகிய அதே இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, அதைத்தான் பிள்ளை அங்கே வந்தும் வரைகிறது. பத்தடி தூரத்தில் வில்லை வளைத்துக்கொண்டு ஒரு வீரன் நிற்கிறான். அவனைப் பார்த்து வரையச் சொல்லலாமே. உடம்பில் தைத்த அம்பு எத்தனை, கொண்டை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, இடுப்பில் என்ன செருகியிருக்கிறான் என்று எண்ணி எண்ணி வரைந்த பிள்ளை அந்தக் கல்லை ஆயுசுக்கும் மறக்காது.

அப்புறம், தேதி. சர்வதேச அருங்காட்சியக நாள் மே 18. அன்று எங்கள் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை; பாதிப் பிள்ளைகள் பாட்டி ஊரில் இருப்பார்கள், மீதிப் பேர் மாந்தோப்பில் இருப்பார்கள். நவம்பர் 19 முதல் 25 வரை உலகப் பாரம்பரிய வாரம் வருகிறது. மாணவர்களுக்கான பெரிய நிகழ்ச்சியை அந்த வாரத்துக்கு வைத்துக்கொண்டு, மே மாதத்தைப் பெரியவர்களுக்கு விட்டுவிடலாம். ஊர்ப் பெரியவர்கள், பூசாரிகள், கோயில் தர்மகர்த்தாக்கள், ஆடு மாடு மேய்க்கிறவர்கள் எல்லோரையும் பெயர் சொல்லி அழையுங்கள். மேய்க்கிறவர்களை ஏன் சொல்கிறேன் என்றால், எந்தக் கரட்டில் எந்தப் பாறைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் அத்துப்படி.

எங்கள் பகுதியில் ஓர் ஊரில் சாலை வேலை நடந்தபோது ஒரு நடுகல்லைப் பெயர்த்து, சாக்கடை மேல் பலகைக்கல்லாகப் போட்டுவிட்டார்கள். உருவம் கீழ்ப்பக்கம். மேலே வண்டி போய்க்கொண்டிருந்தது. மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர்தான் ஒரு நாள் குனிந்து பார்த்து, கால் தெரிகிறது, கத்தி தெரிகிறது என்று ஊரைக் கூட்டினார். அவர் ஒரு முறையாவது உங்கள் கூடத்தில் மைக் பிடித்துப் பேச வேண்டாமா? இன்னொரு ஊரில் பக்தி மிகுதியில் வேடியப்பனுக்கு வருடா வருடம் எனாமல் பெயின்ட் அடித்து, எழுத்தெல்லாம் உள்ளே போய்விட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பெயின்ட் வேண்டாம், மஞ்சளும் பூவும் போதும் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னால் கேட்பார்கள். அப்படிச் சொல்வதற்கு நீங்களும் அவர்களும் ஒரே பாயில் உட்கார ஒரு நாள் வேண்டும்.

உழும்போது பழைய காசோ பானையோ கிடைத்தால் வெளியே சொல்லவே நம் மக்கள் பயப்படுகிறார்கள். நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று ஒரு பேச்சு. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் என்ன சொல்கிறது, யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதை அதே நாளில் அரை மணி நேரம் விளக்கிவிட்டால் போதும்.

சரி, நிகழ்ச்சியில் என்ன காட்டுவது? ஒரு முறை ஒரு பயிற்சி முகாமில் கல்வெட்டுப் படி எடுப்பதை, அதாவது கல்லில் உள்ள எழுத்தைத் தாளில் நகலெடுப்பதை, பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் கல்லில் தண்ணீர் ஊற்றித் தேய்த்து, எழுத்துப் பள்ளத்தில் இருந்த மண்ணையும் பாசியையும் எடுத்தார்கள். நனைத்த தாளைக் கல்மேல் ஒட்டி பிரஷ்ஷால் தட்டினார்கள். தட்டத் தட்டத் தாள் எழுத்துக்குள் இறங்கியது. கொஞ்சம் ஈரம் வற்றியதும், மை தொட்ட திண்டால் ஒற்றி ஒற்றி எடுத்தார்கள். மேடான இடமெல்லாம் கறுத்துக்கொண்டே வர, பள்ளத்தில் இருந்த எழுத்து மட்டும் வெள்ளை வெளேரென்று எழுந்து வந்தது. சுற்றி நின்ற பெரியவர்களே "ஆ" என்று வாய் பிளந்தார்கள். பிள்ளைகள் பார்த்தால் கேட்கவே வேண்டாம். அசல் கல்லில் அவர்களைக் கை வைக்க விடக் கூடாது, அது எனக்குப் புரிகிறது. சிமென்டில் வார்த்த நகல் கல் இரண்டு மூன்று செய்து வைத்தால், ஆளுக்கொரு படி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

அந்த நகல் கற்களை ஜூன், ஜூலையில் மாங்கனிக் கண்காட்சிக்கும் எடுத்து வாருங்கள். கிருஷ்ணகிரி மாவட்டமே திரண்டு வரும் இடம் அது. அருங்காட்சியகத்தின் படி ஏறாத குடும்பங்கள் அங்கே ராட்டினத்துக்கும் மாம்பழத்துக்கும் வருகின்றன. அரசுத் துறை அரங்குகளுக்கு நடுவில் ஒரு வேடியப்பன் கல்லும், படி எடுத்துக்காட்ட இரண்டு ஆட்களும் இருந்தால், அந்த அரங்கில்தான் கூட்டம் நிற்கும்.

அடுத்து இரும்பு. அகழாய்வு நடந்த மயிலாடும்பாறை எங்கள் பள்ளியிலிருந்து ரொம்ப தூரமில்லை. அங்கே தோண்டி எடுத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ஆம் ஆண்டு சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். நாலாயிரத்து இருநூறு வருடம்! வகுப்பில் சொன்னபோது பின்வரிசைப் பையன் ஒருவன், "எங்க அப்பா பட்டறை வச்சிருக்காரு சார்" என்று எழுந்து நின்றான். அவன் அப்பா அரிவாளும் களைக்கொத்தும் அடிக்கிற கொல்லர். அவரை அருங்காட்சியக வளாகத்தில் ஒரு நாள் உலை மூட்டச் சொல்லுங்கள். இரும்பு பழுக்கும்போது என்ன நிறம், எப்போது அடிக்க வேண்டும், எப்போது தண்ணீரில் தோய்க்க வேண்டும் என்று அவர் செய்துகாட்டட்டும். பக்கத்திலேயே மயிலாடும்பாறையின் படங்களை வையுங்கள். அவருக்குக் கூலியும் போக்குவரத்துச் செலவும் கொடுத்து, மேடையில் பொன்னாடையும் போர்த்துங்கள். பொன்னாடை மட்டும் என்றால் வேண்டாம். அவருக்கு அது ஒரு நாள் பிழைப்பு.

கூத்துக் கலைஞர்களுக்கும் இதே மரியாதை வேண்டும். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டு பதித்த கிரீடத்தையும் புஜக்கட்டையையும் பெட்டியில் வைத்துப் பார்ப்பது ஒன்று. அரிதாரம் பூசி அதைக் கட்டிக்கொள்ளும்போது பார்ப்பது வேறு.

கடைசியாக ஒன்று. 2004 பிப்ரவரியில்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. 1993-இல் இங்கே அருங்காட்சியகம் திறந்தபோது எல்லாம் ஒரே தருமபுரி மாவட்டம்தான். இன்று கிருஷ்ணகிரியில் இருப்பது அருங்காட்சியகங்கள் துறை, தருமபுரியில் இருப்பது தொல்லியல் துறை. அலுவலகங்கள் இரண்டாக இருக்கட்டும். தொறு கொண்டு போனவர்களும் மீட்கப் போனவர்களும் இந்த எல்லையைப் பார்த்து ஓடவில்லையே. இரண்டு இடத்து நடுகற்களையும் படங்களாகவும் படிகளாகவும் சேர்த்து ஒரு கண்காட்சி வையுங்கள். இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரு வரைபடம் விரித்து, எந்தக் கல் எந்த ஊர் என்று குண்டூசி குத்துங்கள். வருகிறவர்கள் தங்கள் ஊர்க் கல் விட்டுப்போயிருந்தால் அவர்களே ஒரு குண்டூசி குத்தட்டும். முதல் வாரத்திலேயே உங்கள் பதிவேட்டில் இல்லாத கல் ஒன்றாவது கிடைக்கும் என்று நம்புகிறேன்.

அந்த மாணவியின் பாட்டியிடம் பேசிவிட்டேன். வரச் சம்மதம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது, முழங்கால் வலி; முதுகு சாய்கிற நாற்காலியாக ஒன்று வேண்டும். கேழ்வரகு அறுவடை முடிந்து ஒரு சனிக்கிழமையாக இருந்தால் நல்லது என்கிறார். நீங்கள் தேதி சொன்னால் நானே அழைத்து வருகிறேன்.

பணிவுடன்,
பர்கூர் பகுதியிலிருந்து ஓர் ஆசிரியர்