புகார்க் கடிதம் யார் கைக்குப் போகிறது?

கொங்குப் பகுதிக் கலை, அறிவியல் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் மாணவர் குறைதீர் குழுக்களில் இருக்கும் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். என் மகள் உங்கள் கல்லூரிகளில் ஒன்றில் படிக்கிறாள். எது என்று சொல்லப் போவதில்லை, அவள் இன்னும் அங்கேதான் படித்தாக வேண்டும்.

போன செமஸ்டரில் ஒரு பாடத்தில் ஐந்து யூனிட்டில் இரண்டுதான் நடத்தினார்கள். மீதிக்கு ஜெராக்ஸ் நோட்ஸ். பிள்ளைகள் சிலர் சேர்ந்து முதல்வருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கடிதம் துறைத் தலைவருக்குப் போய், அங்கிருந்து அதே ஆசிரியர் கைக்கு வந்துவிட்டது. அடுத்த வகுப்பில், "கையெழுத்துப் போட்டவங்கெல்லாம் எந்திரிச்சு நில்லுங்க" என்றாராம். அப்புறம், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். நான் ஒரு ஷிப்ட் கூலியை விட்டுவிட்டுப் போய், "இனிமேல் இப்படி நடக்காது" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பாடம் நடத்தாததைப் பற்றி யாரும் பேசவே இல்லை.

நூற்றுக்கு இருபத்தைந்து இன்டர்னல் மார்க் அந்த ஆசிரியர் கையில் இருக்கிறது. புகார் அவரிடமே போகும் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? புகார்ப் பெட்டி காலியாக இருப்பதைக் காட்டி, எங்கள் கல்லூரியில் குறையே இல்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் கொண்டுவந்த மாணவர் குறைதீர் விதிமுறைகள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. ஒரு பேராசிரியர் தலைமையில் குழு, அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும், சிறப்பு அழைப்பாளராக ஒரு மாணவர், 15 வேலை நாளில் அறிக்கை. விசாரணைக்குப் பிள்ளை நேரில் வரலாம், தன் சார்பில் ஒருவரை அனுப்பவும் செய்யலாம். சொன்ன தரத்தில் கல்வி தராததும், மதிப்பெண் போடுவதில் நியாயக்குறைவும் அந்த விதியிலேயே குறைகளாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆக, "இதெல்லாம் கமிட்டிக்கு வராதும்மா" என்று அலுவலகத்தில் சொல்லி அனுப்புவது சரியில்லை.

ஆசிரியர்கள் பக்கமும் நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். சுயநிதிக் கல்லூரிகளில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டு, கோடையில் அந்தியூர், தாராபுரம் என்று ஊர் ஊராகப் போய் அட்மிஷன் பிடிக்கிறவர்களும் அவர்கள்தான். ஆள் போதாமல் ஒருவரே இரண்டு பேர் பாடத்தை எடுத்தால் யூனிட் எப்படி முடியும்? பிள்ளைகள் ஆசிரியர் மேல் கொடுக்கிற புகாரில் பாதி, உண்மையில் நிர்வாகத்தின் மேல் வர வேண்டியது என்பது என் எண்ணம். குழு கூடி விசாரித்தால்தானே அது வெளியே வரும். அவரையும் கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள். ஆனால் பிள்ளைகளின் பெயர் ஒட்டிய கடிதத்தை அப்படியே அவர் கையில் கொடுக்காதீர்கள். குறை என்ன என்று மட்டும் சொல்லிப் பதில் வாங்குங்கள். அந்த செமஸ்டர் இன்டர்னல் மார்க்கை இன்னொருவரும் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். கடிதம் கொடுக்கும்போதே தேதி போட்டு ரசீது தாருங்கள், அது இல்லாமல் 15 நாளை எங்கிருந்து எண்ணுவது?

குழுவின் முடிவில் திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைகேள் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். இணைப்புக் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் அந்த உரிமை உண்டு. அவர் யார், எங்கே இருக்கிறார் என்று நான் விசாரித்த வரையில் ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. இந்த விவரங்களை இணையதளத்திலும் கல்லூரிக் கையேட்டிலும் பளிச்சென்று போட வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. கல்லூரிப் பேருந்து எந்தெந்த ஊருக்கு வரும் என்பதைக் கொட்டை எழுத்தில் அச்சடிக்கிறீர்களே, வருகிற ஜூனில் இதையும் அதே பக்கத்தில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் அப்பா, திருப்பூர்