அவசரப்படுத்தாத எல்லோருக்கும் நன்றி

ஊத்தங்கரை வட்டாரத்தில் எங்களிடம் பானை, சட்டி, அகல் வாங்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பொங்கல் முடிந்து சூளையும் ஆறிவிட்டது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. அவர்கள் சொல்லச் சொல்ல, நான் சொல்ல நினைப்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

2024 டிசம்பர் 1, 2 தேதிகளில் ஃபெஞ்சல் புயல் இங்கே கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. ஊத்தங்கரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் இழுத்துப் போனதை எல்லோரும் டிவியில் பார்த்தார்கள். கார்த்திகை தீபம் டிசம்பர் 13. சூளைக்குப் போகவேண்டிய அகல்கள் எங்கள் கொட்டகையில் வரிசையாக அடுக்கியிருந்தன. தண்ணீர் புகுந்ததும் கீழ் அடுக்கு முழுக்கக் கரைந்து சேறாகிவிட்டது. சுடாத மண் வீணாகாது, திரும்ப மிதித்துப் பிசைந்துகொள்ளலாம். போனது அம்மாவின் கைவேலை.

அந்த ராத்திரி கரண்ட் இல்லாத இருட்டில் செல்போன் வெளிச்சத்தோடு ஓடி வந்த தெருப் பிள்ளைகளுக்குத்தான் முதல் நன்றி. சுடாத விளக்கை விளிம்பில் பிடித்துத் தூக்கினால் விளிம்பு மட்டும் கையோடு வந்துவிடும். அடியில் உள்ளங்கையைக் கொடுத்து ஏந்த வேண்டும். அப்பா ஒருமுறைதான் காட்டினார். இடுப்பளவு தண்ணீர் வரப்போகிறது என்ற பயத்திலும் அந்தப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக ஏந்திக்கொண்டு போய் மாடி வீட்டுச் சித்தப்பாவின் கூடத்தில் வைத்தார்கள். சித்தப்பாவும் சித்தியும் தங்கள் கட்டிலைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, ஈர மண் வாசனைக்கு நடுவில் பாய் விரித்துப் படுத்தார்கள். பல நாள் அப்படித்தான். ஒரு வார்த்தை முகம் சுளித்துச் சொல்லவில்லை.

கரண்ட் வந்ததும் எதிர்வீட்டு அண்ணன் பெரிய ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மா வேண்டாம் என்றார். காற்று ஒரு பக்கம் அடித்தால் அந்தப் பக்கம் மட்டும் சீக்கிரம் காய்ந்து சுருங்கும். மறுபக்கம் ஈரமாகவே இருக்கும். நடுவில் விரிசல் விழும். மண் எல்லாப் பக்கமும் ஒன்றாகக் காய வேண்டும், அதுவும் நிழலில். அதைக் கேட்டு அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி, அப்ப நான் என்ன செய்யணும்?" என்றார். காலையும் மாலையும் வந்து ஒவ்வொரு விளக்காகத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். உதவி செய்ய வருகிறவர் வேலையின் போக்குக்குத் தன்னை மாற்றிக்கொள்வது பெரிய விஷயம். அண்ணா, அம்மா இன்னமும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தீபத்துக்குக் கொஞ்சம் அகல்தான் சுட முடிந்தது. மொத்தமாக ஆர்டர் கொடுத்திருந்த கடைக்காரர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கவில்லை. "வேகாத விளக்கைக் கொடுத்துப் பேரைக் கெடுத்துக்காதீங்க. வெந்ததை மட்டும் கொடுங்க" என்றார். எண்ணெய் ஊற்றினால் கசியாத விளக்குதான் அவர் கடைக்குப் போனது. மேட்டுத் தெருப் பெண்கள் போன வருஷ அகலையே கழுவி ஏற்றிக்கொண்டார்கள். பொங்கல் பானையை மட்டும் நிதானமாகச் செய்து தரச் சொன்னார்கள்.

அந்த நிதானத்துக்குள் என்ன நடந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சக்கரத்தில் வனைந்து இறக்கும் பானைக்கு அடிப்பாகம் இருக்காது. கழுத்தும் வாயும் உருவானதும் கயிற்றால் அறுத்து எடுத்து, கொஞ்சம் இறுகும்வரை வைப்போம். அப்புறம் உள்ளே ஒரு கல்லைப் பிடித்து, வெளியே மரத் தட்டுப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூட வேண்டும். ஒரே மூச்சில் மூட முடியாது. தட்டி, ஆறவிட்டு, மறுபடி தட்ட வேண்டும். ஈரம் கூடினால் பானை தொய்யும், குறைந்தால் பிளக்கும். அந்தப் பதம் அப்பாவின் விரலுக்குத்தான் தெரியும். அந்த மார்கழியில் தரையெல்லாம் ஊறிக் கிடந்ததால் வழக்கமாகக் காயும் நாட்களுக்கு மேலும் ஆனது.

சூளையிலும் அப்படித்தான். பானைச் சுவருக்குள் மிச்சமிருக்கும் ஈரம் 100 டிகிரி சூட்டில் ஆவியாகும். தீயைச் சட்டென்று ஏற்றினால் அந்த ஆவி வெளியேற வழியில்லாமல் பானையை வெடிக்க வைக்கும். ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதும் போகும். அதனால் முதலில் சிறு தீ போட்டுப் புகையவிட்டு, பிறகுதான் பெருந்தீ. எரிந்து முடிந்தாலும் உடனே பிரிக்கக் கூடாது. குளிர்காற்று பட்டால் கீறல் விழும். பொங்கலுக்கு முந்தின வாரம் வாசலில் வந்து நின்றவர்களுக்கு இதைத்தான் சொன்னோம். நீங்கள் திரும்பிப் போய் மறுபடி வந்தீர்கள். சிலர் பஸ் பிடித்து, சிலர் வேலைக்கு லீவு போட்டு. எங்கள் வேலை மெதுவாக நடக்க உங்கள் நேரத்தையும் கொடுத்திருக்கிறீர்கள். பானை விலையில் அது சேராது. அதனால்தான் இந்த மடல்.

விறகும் தென்னை மட்டையும் மழையில் நனைந்துபோனபோது, தன் வீட்டு அடுப்புக்கு வைத்திருந்த வறட்டியை வண்டியில் ஏற்றி அனுப்பிய பால்காரப் பாட்டிக்கு நன்றி. ஏரி நிரம்பிப் புது மண் எடுக்க முடியாத நேரத்தில், தன்னிடம் கோடையிலேயே எடுத்துக் குவித்திருந்த மண்ணில் பாதியைக் கொடுத்த பக்கத்து ஊர்ப் பெரியப்பாவுக்கும் நன்றி. அவரும் எங்களைப் போலப் பானை செய்கிறவர்தான்.

இன்னும் சிலருக்குக் குழம்புச் சட்டி பாக்கி இருக்கிறது. அவை இப்போது நிழலில் காய்கின்றன. அடுத்த சூளை பிரித்ததும் சொல்லி அனுப்புகிறோம். ஏற்கனவே வாங்கிப் போனவர்கள் ஒன்று செய்யுங்கள்: புதுச் சட்டியை அரிசி கழுநீரில் சில நாள் ஊறவைத்து, முதலில் சிறு தீயில் கஞ்சி காய்ச்சிவிட்டு, அப்புறம் களியோ குழம்போ வையுங்கள். எங்கேயாவது கசிந்தால் தயங்காமல் எடுத்து வாருங்கள், மாற்றித் தருகிறோம்.