அலாரம் கடிகாரத்தை எக்ஸ்ரே எடுக்கும் முன்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கேமராவை ஓரமாக வைத்துவிட்டு எக்ஸ்ரேயில் இறங்கப் போகிறாய், அதுவும் முதல் பொருளே பழைய அலாரம் கடிகாரம் என்கிறாய். நல்ல பொருள்தான். ஆனால் ஆளைச் சோதிக்கும்.

உன் பழைய பழக்கத்தில் ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு வா. இதில் லென்ஸ் கிடையாது, ஃபோகஸ் கிடையாது, வெளிச்சம் போடுவதும் கிடையாது. மேலே ஒரு புள்ளியிலிருந்து கதிர் கிளம்புகிறது, கீழே கதிரை வாங்கிக்கொள்ளும் தட்டில், அதாவது டிடெக்டரில், விழும் நிழல்தான் படம். முன்னால் இருப்பது, பின்னால் இருப்பது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடிவிடும். அதனால் பாதி வேலை பொருளைத் திருப்பி வைப்பதில்தான் முடியும். கடிகாரத்தை நேராகப் படுக்க வைத்தால் பல்சக்கரங்கள் ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். ஐந்தாறு டிகிரி சாய்த்துப் பார், ஒவ்வொன்றும் தனியாகப் பிரியும்.

நிழல் என்பதால் கூர்மைக்கும் கணக்கு உண்டு. ட்யூபின் ஃபோகல் ஸ்பாட், அதாவது கதிர் கிளம்பும் அந்தப் புள்ளியின் அகலம், 1 மி.மீ., டிடெக்டர் 100 செ.மீ. தூரத்தில், பொருளின் ஒரு பாகம் டிடெக்டரிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் என்று வை. அந்தப் பாகத்தின் விளிம்பு சுமார் 0.11 மி.மீ. மங்கும். சிறிய ஃபோகல் ஸ்பாட் தரச் சொல், பொருளை டிடெக்டரை ஒட்டி வை. ட்யூபைத் தள்ளி வைத்தாலும் மங்கல் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் எம்.ஏ.எஸ்., அதாவது மெஷின் விடும் கதிரின் அளவு, நான்கு மடங்கு வேண்டும் என்பதை மட்டும் மறக்காதே.

கதிரின் ஊடுருவும் பலத்தைத் தீர்மானிக்கும் கிலோவோல்ட்டில், அதாவது கே.வி.யில்தான் புதிதாக வருபவர்கள் எல்லோரும் சறுக்குகிறார்கள். பித்தளைச் சக்கரங்களை ஊடுருவ 100-க்குப் பக்கத்தில் போக வேண்டியிருக்கும். அந்த அளவில் பிளாஸ்டிக் கூடு காணாமல் போய்விடும், சக்கரங்கள் அந்தரத்தில் மிதக்கும். 55-இல் எடுத்தால் கூடு அழகாக வரும், உள்ளே எல்லாம் ஒரே வெள்ளை. தீர்வு, பொருளை அசைக்காமல் இரண்டும் எடுத்து, கம்ப்யூட்டரில் லேயராகச் சேர்ப்பதுதான். ஒரு மயிரிழை நகர்ந்தாலும் சக்கரப் பற்களில் இரட்டைக்கோடு காட்டிக்கொடுத்துவிடும். சாய்வுக்கு முட்டுக் கொடுக்க உலர்ந்த தெர்மாகோல் போதும், கடிகாரம் எடுக்கும் கே.வி.யில் அது கண்ணுக்கே தெரியாது.

பூ எடுப்பது இதற்கு நேர் எதிர். 25, 28 கே.வி. வேண்டும், அதற்கு மார்பகப் பரிசோதனைக்கான மேமோகிராம் மெஷின்தான் சரி. அங்கே செல்லோடேப்பின் ஓரம்கூடக் கோடாக விழும். 1930-களில் டெயின் டாஸ்கர் என்ற அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் எடுத்த பூப்படங்களைத் தேடிப் பார். ஓர் இதழ் இன்னொன்றின் மேல் படியும் இடத்தில் சாம்பல் நிறம் எப்படி ஒரு படி ஏறுகிறது என்று கவனி. இந்தக் கலையின் சூட்சுமம் அந்த ஒரு படியில் இருக்கிறது என்பது என் எண்ணம். பொருட்களை எடுப்பதும் புதிதில்லை. ரோன்ட்கன் 1895-இல் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த கையோடு மரப்பெட்டிக்குள் இருந்த எடைக்கற்களையும் திசைகாட்டியையும் எடுத்துவிட்டார். புகழ் மட்டும் அவர் எடுத்த மனைவியின் கைப் படத்துக்குப் போய்விட்டது.

மெஷின் இயக்குபவரிடம் மூன்று விஷயம் கேள். சிதறும் கதிரைத் தடுக்க டிடெக்டருக்கு முன்னால் இருக்கும் கிரிட்டைக் கழற்ற வேண்டும், மெல்லிய பொருளுக்கு அது தேவையில்லை, சில சமயம் கோடும் விழும். கோப்பு ஜேபெக்காக வேண்டாம், பிராசஸ் ஆகாத டைகாம் (மருத்துவப் படங்களுக்கான கோப்பு வகை) வேண்டும். மெஷின் எலும்புக்கென்று செய்யும் விளிம்புக் கூர்மை உன் சக்கரங்களைச் சுற்றிக் கறுப்பு வளையம் போட்டுவிடும். மூன்றாவது, அதே அமைப்பில் பொருள் இல்லாமல் ஒரு வெற்று ஷாட். ட்யூபின் ஆனோடு (கதிர் கிளம்பும் உலோகத் தகடு) பக்கம் கதிர் சற்றுக் குறைவாக வருவதால் பின்னணி ஒருபுறம் வேறு நிறமாக இருக்கும். கம்ப்யூட்டரில் உன் படத்தைப் பிக்சல் பிக்சலாக வெற்றுப் படத்தால் வகுத்தால் சமமாகும்.

பெரிய பிரிண்ட் ஆசையைக் கொஞ்சம் அடக்கு. 43 செ.மீ. டிடெக்டரில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 0.14 மி.மீ. என்றால் மொத்தம் 3,000 பிக்சல்தான். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால் 26 செ.மீ.க்கு மேல் தாங்காது. சைக்கிள் மாதிரிப் பெரிய பொருள் என்றால் துண்டு துண்டாக எடுத்து ஒட்டலாம். அப்போது ட்யூபும் பொருளும் நகரக் கூடாது, டிடெக்டர் மட்டும் ஒரே தளத்தில் நகர வேண்டும். பொருளை நகர்த்தினால் உயரமான பாகங்களின் நிழல் ஒவ்வொரு துண்டிலும் வேறு பக்கம் சாயும், ஒட்டு பொருந்தாது.

முறையான எக்ஸ்ரே அறை, உரிமம் உள்ள ஆள், நீ தடுப்புக்குப் பின்னால். இதில் சமரசம் வேண்டாம். பொருளைக் கையால் பிடித்துக்கொண்டு எடுக்கும் பேச்சே கிடையாது. பழைய ட்யூப் வாங்கி வீட்டில் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. கதிர் ஒருபக்கம், அந்த வோல்டேஜே ஆளைக் கொல்லும். கடிகாரத்தில் கதிர் தங்கிவிடுமோ என்று பயந்திருந்தாய். தங்காது, எடுத்த உடனே கையில் எடுக்கலாம்.

பேட்டரி இருந்தால் கழற்றிவிடு, பின்னால் இருப்பதையெல்லாம் மறைத்துவிடும். முட்களை எந்த நேரத்தில் நிறுத்துவது என்பதையும் முன்பே பார்த்துக்கொள். அவை மெல்லிய அலுமினியம், சக்கரத்தின் மேல் விழுந்தால் நிழலே தெரியாது. சக்கரங்களுக்கு நடுவே எங்கே இடைவெளி இருக்கிறதோ, அதுதான் உன் கடிகாரத்துக்கு மணி.

அன்புடன்,
ரவி