மெசின் செய்யவில்லை, பெட்டி செய்தார்கள்

அன்பான ஆசிரியருக்கு,

சென்ற இதழில் பழைய மின்கிட்டார்கள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை ஆசையாக, இரண்டாம் தடவை எரிச்சலோடு. "வெஸ்டோன் என்பது ஒரு தையல் மெசின் கம்பனி பொழுதுபோக்காகச் செய்த மலிவுச் சாமான்" என்று ஒரு வரி. ஒரேயொரு வரிதான், ஆனால் அதை எழுதியவர் வெஸ்டோன் ஒன்றை மடியில் வைத்தே பார்த்ததில்லை என்று என்னால் அடித்துச் சொல்ல முடியும்.

நீங்களும் கிட்டார் வாசிக்கிறவர். வெஸ்டோன் வெறும் பெயர்தான், செய்தவர்கள் வேறு என்று உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. யப்பானில் நாகனோ மாகாணத்து மட்சுமோட்டோ நகரில் 1951இல் தொடங்கிய மட்சுமோக்கு என்ற மரவேலைத் தொழிற்சாலையில் பிறந்தது அது. ஊர்ப் பெயரில் பாதி, மரம் என்று பொருள்படும் 'மோக்கு' மீதி. சிங்கர் தையல் மெசின்களுக்கு மரப்பெட்டி செய்து கொடுத்தார்கள், உண்மைதான். மெசின் இல்லை ஐயா, பெட்டி! மரத்தைப் பதமாகக் காயவைத்து, அறுத்து, மூட்டு விலகாமல் பொருத்தி, மெருகு பூசத் தெரிந்தவர்கள் கிட்டார் செய்தால் அது எப்படிக் குறையாகும்? யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டிலும் ஒரு சிங்கர் இருந்தது, அதன் மூடி மயிரளவு விலகியிருந்தாலும் அம்மா கடைக்காரனைச் சும்மா விட்டிருக்க மாட்டா.

என்னுடையது வெஸ்டோனின் தண்டர் வன்-ஏ என்ற மின்கிட்டார். 1986இல் லண்டனில், பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்து சேர்த்த காசில், பழைய சாமான் கடையொன்றில் வாங்கினேன். உள்ளே 9 வோல்ட் பற்றரி ஒன்று இருக்கிறது என்பதே தெரியாமல் மூன்று மாதம் அதைப் பாதி உயிரோடு வாசித்தது வேறு கதை. கழுத்துத் தகட்டிலுள்ள இலக்கம் 3இல் தொடங்குகிறது, அந்த முதல் இலக்கம் ஆண்டைக் குறிக்கும், ஆகவே 1983. இவ்வளவையும் அந்தத் தகடே சொல்லும்போது, 1991இல் நான் கொண்டுபோன திருத்துகிற கடைக்காரர் திரும்பியும் பார்க்காமல் "கொரியாச் சாமான், இதற்குச் செலவழிக்காதே" என்றார். 1987இல் மட்சுமோக்கு மூடப்பட்ட பிறகுதான் வெஸ்டோன் என்ற பெயர் கொரியாவுக்குப் போனது. நான்கு வருடத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்குப் பிறகு போன ஊரைப் பிறந்த ஊராக எழுதுவதா? அன்று அவரோடு கதைத்து வெல்ல எனக்கு ஆங்கிலம் போதவில்லை. இன்றைக்கு உங்களோடு தமிழில் கதைக்கலாம் என்று பார்த்தால், அதே அலட்சியம் தமிழிலேயே அச்சாகி வருகிறது.

"மலிவு" என்ற சொல்லுக்கும் வருகிறேன். அமெரிக்கக் கிட்டார்க் கம்பனியான கிப்சனின் சொந்தப் பிள்ளையான எபிஃபோன் கிட்டார்களை 1970களில் யப்பானில் செய்விக்க முடிவானபோது அந்த வேலை போன இடம் இதே மட்சுமோக்குதான். அரியா புரோ டூ என்ற பெயரில் வந்த எஸ்.பி. வரிசை பேஸ் கிட்டார்களும் அங்கேதான் பிறந்தன. டுரான் டுரான் என்ற ஆங்கிலேயப் பொப் இசைக்குழுவின் ஜோன் டெய்லர் மேடையில் வாசித்தது அந்த வரிசையை. அவருக்கும் யாரோ தையல் மெசின் தலையில் கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது.

அப்புறம், இது முதல் தடவையுமில்லை. முன்பொரு முறை ஐபனெஸ் என்ற கிட்டார்ப் பெயரை "ஸ்பானியக் கம்பனி" என்று போட்டீர்கள். பெயர்தான் ஸ்பானியக் கிட்டார் ஆசாரி சல்வடோர் இபானியெஸுடையது, கம்பனி நகோயாவின் ஹொஷினோ. அதைத் திருத்தி நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தை "கட்டுரை நன்று" என்று இரண்டு சொல்லாகச் சுருக்கிப் பிரசுரித்ததற்கு நன்றி. இந்தத் தடவை "வழக்குக் காலத்துக் கிட்டார்கள்" என்ற பழைய புளுகும் சேர்ந்திருக்கிறது. யப்பானில் செய்ததையெல்லாம் அமெரிக்கர்கள் நீதிமன்றத்துக்கு இழுத்த மாதிரி! 1977இல் கிப்சனின் தாய்க் கம்பனி நோர்லின் போட்டது ஒரேயொரு வழக்கு. அது ஹொஷினோவின் அமெரிக்கக் கிளையான எல்கர் மேல், அதுவும் கிட்டார்த் தலையின் வடிவத்துக்காக. அடுத்த ஆண்டே வெளியில் பேசி முடித்துக்கொண்டார்கள். ஐபனெஸ் வழக்குக்கு முன்பே தலையை மாற்றத் தொடங்கியும் விட்டது. மட்சுமோக்குவுக்கு இதில் என்ன வேலை?

சரி, கட்டுரையாளர் இளையவர் என்று கேள்விப்பட்டேன், அவரைத் திட்டி எழுத மனமில்லை. ஆனால் ஒரு கிட்டாரைத் திருப்பி அதன் முதுகை வாசிக்க ஒரு நிமிடம் போதும்.

அடுத்த இதழின் மூலையில் எங்காவது "பொழுதுபோக்காக" என்ற அந்த ஒரு சொல்லையாவது எடுத்துவிட்டதாகப் போடுங்கள், மிச்சத்தை நான் பொறுத்துக்கொள்கிறேன். ஐபனெஸ் கடிதத்தோடு அனுப்பிய, நான் தண்டரோடு நிற்கிற புகைப்படத்தையும் திருப்பி அனுப்பினால் நல்லது. தபால்தலை ஒட்டிய உறையும் கூடவே வைத்திருந்தேன்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரன்,
ஈஸ்ட் ஹாம், லண்டன்