பள்ளிக்கூடத்தை எங்கே கட்டினார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த வடதுருவக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். உருகும் பனி, கரையும் கரை, சாயும் வீடு எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன. ஆனால் கட்டுரை முழுக்க ஒரே பல்லவி: வெப்பம் ஏறியது, நிலம் இளகியது, வடதுருவப் பிரதேசத்தின் பழங்குடிகளான இனுயிட் மக்கள் தவிக்கிறார்கள். அந்த வீடு அந்த இடத்துக்கு எப்படி வந்தது என்று கட்டுரையாளர் ஓரிடத்திலும் கேட்கவில்லை. அதைக் கேட்காமல் விட்டால் பாதிக் கதைதான் மிஞ்சும்.

1999 ஜனவரி முதலாம் திகதி. மொன்றியலில் எனக்கு அது மூன்றாவது குளிர்காலம். காலையில் கோயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். தொலைக்காட்சியில் பிரெஞ்சுச் செய்தி ஓடியது. அப்போது எனக்கிருந்த பிரெஞ்சுக்கு ‘பனி’, ‘பள்ளிக்கூடம்’, ‘குழந்தைகள்’ என்ற மூன்று சொற்கள்தான் பிடிபட்டன. அந்த மூன்றும் ஒரே வாக்கியத்தில் ஏன் வந்தன என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தின் வடகோடியில், உங்காவா விரிகுடாவுக்கு அருகே, கங்கிக்சுவலுஜ்ஜுவாக் என்றொரு கிராமம். பெயருக்கு ‘மிகப் பெரிய விரிகுடா’ என்று பொருள். அன்று ஏறக்குறைய 650 பேர் வாழ்ந்த ஊர். அவர்களில் பெரும்பாலானோர் புத்தாண்டைக் கொண்டாடப் பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சி மண்டபத்தில் கூடியிருந்தார்கள். நள்ளிரவு தாண்டி இரண்டு மணி ஆவதற்குள், பள்ளிக்குப் பின்னாலிருந்த குன்றிலிருந்து பனி சரிந்து மண்டபச் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் ஐவர் சின்னஞ்சிறு பிள்ளைகள். இருபத்தைந்து பேருக்குக் காயம். வெளியில் புயற்காற்று, விமானம் இறங்க வழியில்லை. ஊர்க்காரர்களே கையாலும் மண்வெட்டியாலும் பனியைத் தோண்டி ஆட்களை வெளியே எடுத்தார்கள்.

இதில் பருவநிலை மாற்றத்துக்கு என்ன வேலை? ஏறக்குறைய ஒன்றுமில்லை. காற்று வீசுகிற போக்கில் குன்றின் விளிம்பில் பனி திரளும், பாரம் தாங்காமல் ஒருநாள் இறங்கும். அந்தப் பிரதேசத்தில் இது புது விஷயமே அல்ல. பள்ளிக்கூடம் சரிவுக்கு மிக அருகில் கட்டப்பட்டிருந்ததை மரண விசாரணை பிறகு சுட்டிக்காட்டியது. அடிவாரத்திலிருந்த கட்டடங்களை அப்புறப்படுத்தினார்கள். சாவு விழுந்த பிறகு.

பனியை அந்த மக்களைவிட யார் நன்றாக அறிவார்கள்? எங்கே கூடாரம் போடலாம், எங்கே போடக்கூடாது என்பது தெரியாமல் இருந்தால் அவர்கள் ஆயிரம் வருடம் அங்கே வாழ்ந்திருக்க முடியாது. அவர்கள் ஓரிடத்தில் தங்கியவர்களும் அல்லர். கடல்நாய்க்கு ஓரிடம், கரிபு மானுக்கு இன்னோர் இடம், ஆற்று மீனுக்கு வேறோர் இடம். ஆபத்து வந்தால் நகர்ந்துவிடலாம்; நகர்வதுதான் அவர்களுடைய காப்புறுதி.

அதைத்தான் 1950களிலும் 60களிலும் பறித்தார்கள். கனடிய அரசு பள்ளிக்கூடம் திறந்தது, மருத்துவ நிலையம் வைத்தது, குடும்பக் கொடுப்பனவு தந்தது. பிள்ளை பள்ளிக்குப் போனால் தாய் தகப்பன் அருகில்தானே இருக்க முடியும்? போதாததற்கு வண்டி இழுக்கும் நாய்கள் ஏராளமாகச் சுட்டுக் கொல்லப்பட்டன. நாயில்லாதவன் எங்கே வேட்டைக்குப் போவான்? வேட்டை முகாம்கள் ஒவ்வொன்றாகக் காலியாகி, பள்ளியையும் கடையையும் சுற்றிக் கிராமங்கள் முளைத்தன. இடத்தைத் தேர்ந்தெடுத்தது பெரும்பாலும் கப்பல்தான். சரக்கை எங்கே எளிதில் இறக்கலாம், மென்மயிர்த்தோல் வாங்கி விற்ற ஹட்சன் பே கம்பனியின் கடை ஏற்கெனவே எங்கே இருக்கிறது, தேவாலயம் எங்கே என்பவைதான் கணக்கு. குன்றிலே பனி எப்படித் திரளும், மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள் குறைவு. ஐம்பது பேருக்குப் போதுமான ஒரு துண்டு நிலம், ஐந்நூறு பேர் ஆனபோது சரிவில் ஏறியது; ஆயிரம் ஆனபோது களிமண்ணில் இறங்கியது.

வட கியூபெக்கிலேயே இன்னொரு கிராமமான சல்லுயிட்டில் நடந்தது இதுதான். இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஒடுங்கிய பள்ளத்தாக்கு. 1998இல் புதிதாக வீடு கட்டத் திறந்த பகுதிக்குப் பக்கத்தில், செப்டம்பர் மாதம், நிலம் வழுக்கிக்கொண்டு போனது. மலைப் பக்கமென்றாலும் செங்குத்தான சரிவு இல்லை. பார்த்தால் மைதானம் போலத் தெரியும். அந்த மண் ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தது. பனியுகத்தில் பனிப்பாறையின் பாரத்தில் நிலம் அமிழ்ந்திருந்தது, பாரம் நீங்கியதும் மெல்ல எழும்பியது. அதனால் கடற்களிமண் மேட்டில் இருக்கிறது. அதில் இன்னும் உப்பும் இருக்கிறது, நிறையப் பனிக்கட்டியும் இருக்கிறது. உப்பு இருப்பதால் பூச்சிய பாகைக்குக் கீழேயும் அது முழுதாக இறுகாது. அந்த வருடக் கோடை கடுமையாக இருந்தது. மேலே இளகிய மண் கீழே உறைந்த படையின்மேல் தட்டிலிருந்து சறுக்கும் கேக் மாதிரிப் போய்விட்டது. ஏறக்குறைய இருபது வீடுகளைத் தூக்கி வேறிடத்தில் வைத்தார்கள். (இங்கே வெப்பத்துக்குப் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் வெப்பம் வந்து உதைத்தது ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த நாற்காலியை.) அதற்குப் பிறகுதான் லவால் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் துளையிட்டு, எங்கே கட்டலாம் எங்கே கூடாது என்று வரைபடம் போட்டுக் கொடுத்தார்கள்.

அந்தப் பக்கத்துக்கு நானும் ஒரு கோடையில் போயிருக்கிறேன், நில அளவையாளருக்கு உதவியாளாக, மூன்று கிழமைக்கு. நுனாவிக்கின், அதாவது வட கியூபெக்கின் இனுயிட் பிரதேசத்தின், வேறொரு கிராமம் அது. வீடுகள் எல்லாம் சரளை மேடையில், தரையைத் தொடாமல், இரும்புக் கால்களில் நிற்கும். வீட்டுச் சூடு மண்ணுக்குப் போகாமல் அடியில் காற்று ஓட வேண்டும் என்பதற்காக. ஒரு வீட்டில் கதவு சாத்த வரவில்லை. வீட்டுக்காரர் எங்களைக் கண்டதும் ஒன்றும் பேசாமல் ஒரு பெரிய ஸ்பானரை என் கையில் தந்துவிட்டு, வீட்டுக்கு அடியில் தவழ்ந்தார். நானும் பின்னால் போனேன். காலின் உச்சியில் திருகு ஜாக்கி இருக்கிறது. அதை முக்கால் சுற்றுச் சுற்றியதும் மேலே அவருடைய மனைவி தரையைத் தட்டினார்: கதவு சாத்துகிறது. வருடத்துக்கு இரண்டு முறை இப்படிச் செய்வாராம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் மாரிக்கு முன் கூரை வேய்வதுபோல அவர்களுக்கு இது ஒரு பருவ வேலை. அதே வீட்டில் பதினொரு பேர் இருந்தார்கள். கட்டுரையில் வராத பெரிய செய்தி இதுதான். கனடாவின் இனுயிட் பிரதேசத்தில் 2021 கணக்கெடுப்பின்படி இனுயிட் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் நெரிசலான வீடுகளில்தான் இருக்கிறார்கள். இளம் வயதினர் நிறைந்த சமூகம். பிள்ளைகள் வளர்கிறார்கள், வீடு வளரவில்லை. கட்டுவதற்கு வேண்டிய பலகையும் ஆணியும் கோடையில் கப்பலில்தான் வரவேண்டும். தண்ணீர் பவுசரிலும் (தாங்கி லொறி) கழிவு இன்னொரு பவுசரிலும் போக வேண்டும் என்பதால் வீதிக்குத் தூரமாகக் கட்டவும் முடியாது. ஆகவே கிராமம் தன்னைத்தானே ஒட்டிக்கொண்டு, கிடைத்த மண்ணில், சில இடங்களில் கிடைக்கக்கூடாத மண்ணிலும் பெருகுகிறது.

கனடாவின் பாஃபின் தீவிலுள்ள பங்னிர்துங் கிராமத்தில் 2008 ஜூன் வெள்ளத்தில் ஆற்றங்கரையின் உறைநிலம் (வருடம் முழுக்க உறைந்தே கிடக்கும் மண்) அறுத்துக்கொண்டு போய் இரண்டு பாலங்கள் பயனற்றுப்போயின. நீர்த்தேக்கமும் கழிவு நிலையமும் ஆற்றுக்கு அந்தப் பக்கம், வீடுகள் இந்தப் பக்கம். பவுசர் எப்படிப் போகும்? அவசரநிலை அறிவித்தார்கள்.

‘ஆபத்தென்றால் இடம்பெயரலாமே’ என்று கட்டுரையாளர் போகிறபோக்கில் எழுதிவிட்டார். 1953இல் வட கியூபெக்கின் இனுக்ஜுவாக் குடும்பங்களை அரசு கப்பலேற்றி, இன்னும் தூர வடக்கே ரெசலூட்டிலும் கிரைஸ் ஃபியோர்டிலும், குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியன் எழாத இடங்களில் கொண்டுபோய் விட்டது. அதற்கு மன்னிப்புக் கேட்க 2010 ஆனது. அந்த மக்களிடம் ‘நகருங்கள்’ என்று சொல்வது அவ்வளவு லேசான வார்த்தை அல்ல. கிரீன்லாந்தில் 2017 ஜூன் 17ஆம் திகதி மலைச்சரிவு ஒன்று ஃபியோர்டில் (மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் ஒடுங்கிய கடல்) விழுந்து சுனாமி எழும்பியது. நூகாட்சியாக் கிராமத்தில் நான்கு பேர் இறந்தார்கள், பதினொரு வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன. அந்த ஊரும் அயலூரான இல்லோர்சுயிட்டும் காலியாயின. மலை இன்னும் அசைவதால் திரும்பிப்போக அனுமதியில்லை. உயிர் பிழைத்தது சரி. ஆனால் ஊர் என்று சொல்ல அவர்களுக்கு ஒன்றுமில்லை. அலாஸ்காவில், கடல் அரிக்கும் கரையோரக் கிராமமான ஷிஷ்மரெஃப் மக்கள் 2016இல் வாக்களித்தார்கள்: போவோம் என்று 89, இருப்போம் என்று 78. பதினொரு வாக்கு வித்தியாசம். போவதற்குப் பணம் எங்கே என்ற கேள்விக்கு அந்த வாக்கெடுப்பில் பதில் இல்லை.

அதே கரையில் கிவலினா. கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் கிடக்கும் மணல்திட்டு. அங்கே மக்கள் பருவத்துக்கு வந்து வேட்டையாடிவிட்டுப் போவார்கள். 1905இல் அமெரிக்க அரசு அதன்மேல் ஒரு பள்ளிக்கூடத்தைக் கட்டியது. பிள்ளைகளை அனுப்பு என்றது. ஊர் அங்கேயே தங்கிவிட்டது. நூறு வருடம் கழித்துப் புயலலை திட்டைத் தின்னத் தொடங்கிய பிறகு, 2020களின் தொடக்கத்தில் உப்பங்கழியைக் கடந்து உள்நாட்டுக்கு ஒரு வீதி போட்டு, மேட்டில் புதுப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். இன்று பிள்ளைகள் பஸ்ஸில் அங்கே போய் வருகிறார்கள். வீடுகள் இன்னும் மணல்திட்டில்தான்.

கடைசியாக ஒரு சிறு திருத்தம். படக்குறிப்பில் ‘எஸ்கிமோ’ என்று அச்சாகியிருக்கிறது. எங்கள் காலத்துப் பள்ளிப் புத்தகத்தின் பழக்கம் என்று நினைக்கிறேன். அவர்கள் தங்களை இனுயிட் என்கிறார்கள், ஒருவரானால் இனுக். படத்தில் இருப்பது இக்லூவும் அல்ல. வீட்டுக்கு அடியில் பனி அடைந்து, போர்வைபோல மூடி, மண்ணைச் சூடாக்காதிருக்க வைத்த மரத்தடுப்பு. அடுத்த இதழில் திருத்திவிடுங்கள்.

மொன்றியலிலிருந்து,
தங்கள் நீண்டநாள் வாசகன்